வங்காளப் பாட்டிமார் கதைகள்: முள் வைத்துப் புதைக்கும் அந்த முடிவை என்ன செய்வது?

தாழைமடல்:

'டாகுர்மார் ஜூலி'யைப் படித்து முடித்தேன். பாட்டியின் பை என்று பொருள். தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் கிழக்கு வங்காளக் கிராமங்களில் கேட்டுத் தொகுத்து 1907இல் வெளியிட்ட புத்தகம். எனக்கு வங்காள மொழி தெரியாது, ஆங்கிலம் வழியாகத்தான் படித்தேன். தாகூரையும் சரத் சந்திரரையும் தமிழில் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் வங்காளக் குழந்தைகள் தூங்கும் முன் கேட்கிற கதைகள் நம் பக்கம் அவ்வளவாக வந்து சேரவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

'ஏழு அண்ணன் சம்பா' என்ற கதை என்னை விடவே மாட்டேன் என்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு ராஜாவுக்கு ஏழு ராணிகள். மூத்தவர்கள் ஆறு பேருக்கும் கர்வம், இளையவள் சாது. அவள் கருவுறுகிறாள். ராஜாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரு தங்கச் சங்கிலியின் ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையை அவள் இடுப்பிலும் கட்டி, "பிள்ளை பிறந்ததும் இதை அசை, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சபைக்குப் போகிறார். பிரசவ அறையில் துணைக்கு இருப்பவர்கள் மூத்த ராணிகள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே சங்கிலியை ஆட்டுகிறார்கள். ராஜா மேளதாளத்தோடு வருகிறார், ஒன்றும் இல்லை. போன பிறகு மறுபடியும் ஆட்டுகிறார்கள். மறுபடியும் வந்து ஏமாறுகிறார். இனி வீணாகச் சங்கிலி அசைந்தால் எல்லா ராணிகளையும் வெட்டிவிடுவேன் என்று கத்திவிட்டுப் போகிறார். அதற்குப் பிறகுதான் ஏழு மகன்களும் ஒரு மகளும் பிறக்கிறார்கள். எனக்கு என்ன பிறந்தது, ஒரு தடவை காட்டுங்கள் அக்கா என்று இளையவள் கெஞ்சுகிறாள். அவர்கள் அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக் கேலி செய்கிறார்கள். குழந்தைகளைச் சட்டிகளில் போட்டு மூடிச் சாம்பல் மேட்டில் புதைத்துவிட்டு, ராஜாவிடம் தவளைக் குஞ்சுகளையும் எலிக் குஞ்சுகளையும் காட்டுகிறார்கள். ராஜா அந்த நிமிடமே இளையவளை விரட்டிவிடுகிறார். அவள் சாணி பொறுக்கிப் பிழைக்கிறாள்.

சாம்பல் மேட்டில் ஏழு சண்பகப் பூவும் ஒரு பாருல் பூவும் பூக்கின்றன. பாருல் என்பது நம் பாதிரிப் பூ. பூஜைக்குப் பறிக்க வரும் தோட்டக்காரனுக்கு அவை எட்டுவதில்லை. தங்கைப் பூ கூப்பிட, அண்ணன் பூக்கள் பதில் சொல்கின்றன: ராஜா வந்தால் தருவோம். ராஜா வந்தால், பெரிய ராணி வரட்டும். ராணிகள் ஒவ்வொருவராக வர வர, பூக்கள் இன்னும் இன்னும் மேலே ஏறிவிடுகின்றன. கடைசியில் அந்தச் சாணி பொறுக்கும் பெண்ணைக் கூட்டி வரச் சொல்கின்றன. கந்தல் துணியும் கையெல்லாம் சாணமுமாக அவள் வந்து கை நீட்டியதும் பூக்கள் சரசரவென்று இறங்கி, குழந்தைகளாகி, அம்மா என்று மடியில் விழுகின்றன.

இந்த இடத்தில் அழுதுவிட்டேன். நாட்டில் இருக்கும் அத்தனை பேரும் வரிசையில் நிற்க, யாருக்கும் எட்டாத ஒன்று யாருமே மதிக்காதவளிடம் தானாக இறங்கி வருகிறது.

ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே ராஜா, மூத்த ராணிகளைக் கீழே முள், மேலே முள் வைத்துப் புதைக்கச் சொல்கிறார். கதை முடிந்துவிடுகிறது. என் மகளுக்கு ஏழு வயது. இந்தக் கதையை அவளுக்குச் சொல்ல மிகவும் ஆசைப்படுகிறேன். அந்த வரியை என்ன செய்வது? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

---

உச்சிவெயில்:

அக்கா, முள்ளைவிட எனக்குப் பெரிய நெருடல் அந்த ராஜாதான்.

தவளையையும் எலியையும் காட்டியதும் நம்புகிறார். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளை விரட்டியவர் அவர். கடைசியில் நீதிபதியாக நின்று மற்றவர்களுக்குத் தண்டனை கொடுப்பவரும் அவரே. அதன் பிறகு ஏழு மகன், ஒரு மகள், மீட்டெடுத்த மனைவி சகிதமாக அரண்மனைக்குத் திரும்புகிறார், வெற்றி முரசு வேறு கொட்டுகிறது. எதை வென்றதற்கு? ஆறு பெண்கள் மண்ணுக்குள் போகிறார்கள், அவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்ட மனிதனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கருவுற்ற மனைவிக்குக் காவலாக அவளுடைய சக்களத்திகளையே உட்கார வைத்தவர் யார்?

முள்ளை நீக்கிவிட்டுச் சொன்னாலும் என் மகளிடம் இந்தக் கதையை நான் சொல்ல மாட்டேன்.

---

முல்லைக்கொடி:

உச்சிவெயில், உங்கள் கோபம் நியாயம். ஆனால் அதே புத்தகத்தில் 'கிரண்மாலா' கதையைப் படித்தீர்களா? உங்கள் கேள்வியை அந்தக் கதையே கேட்டுவிடுகிறது.

அங்கேயும் இதே சதிதான். ராணிக்கு அருண், பருண், கிரண்மாலா என்று மூன்று குழந்தைகள். பொறாமை பிடித்த அக்காமார் குழந்தைகளை மண்சட்டியில் வைத்து ஆற்றில் விட்டுவிட்டு, நாய்க்குட்டி பிறந்தது, பூனைக்குட்டி பிறந்தது, மரப்பாவை பிறந்தது என்று ராஜாவிடம் சொல்கிறார்கள். அவரும் நம்புகிறார். குழந்தைகளை ஒரு பிராமணர் எடுத்து வளர்க்கிறார். வளர்ந்த பிறகு அண்ணன்கள் ஒருவர் பின் ஒருவராக மாய மலைக்குப் போய்க் கல்லாகிவிடுகிறார்கள். அவர்களைத் தேடி ஆண் வேடத்தில் போவது தங்கை கிரண்மாலா. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல் ஏறி, அண்ணன்களையும் அங்கே கல்லாகக் கிடந்த மற்றவர்களையும் மீட்டு, பொன் பறவையோடு திரும்புகிறாள்.

பறவையின் யோசனைப்படி ராஜாவை விருந்துக்கு அழைக்கிறார்கள். தட்டில் பொற்காசுப் பாயசம், முத்துப் பணியாரம், மணிகளால் செய்த இனிப்பு. இதையெல்லாம் மனிதன் சாப்பிட முடியுமா என்று ராஜா கேட்கிறார். பறவை கேட்கிறது: மகாராஜா, மனுஷிக்கு நாய்க்குட்டி பிறக்குமா? பூனைக்குட்டி பிறக்குமா? மரப்பாவை பிறக்குமா?

நிறைந்த சபையில், விருந்தினராக வந்த ராஜாவை வாயடைக்க வைக்கும் கேள்வி இது. சங்கிலிக் கதையில் கேட்காமல் விட்டதை இந்தக் கதையைச் சொன்ன பாட்டி கேட்டுவிட்டாள். இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

---

பழஞ்சுவடி:

நல்ல விவாதம். இந்தத் தொகுப்புகள் எப்படி உருவாயின என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், முள்ளைப் பற்றிய கேள்விக்கும் அது பயன்படும்.

1905இல் ஆங்கிலேய வைஸ்ராய் கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த அந்த நேரத்தில்தான் டாகுர்மார் ஜூலி வந்தது. தாகூர் முன்னுரை எழுதினார். இந்தப் பையைப் போல் சுதேசியான பொருள் நம் நாட்டில் வேறு என்ன இருக்கிறது, ஆனால் அந்தோ, இதுவும்கூட இப்போது மான்செஸ்டர் ஆலையிலிருந்து வந்து இறங்கத் தொடங்கிவிட்டதே என்று வருந்துகிறார். படித்த வீட்டுக் குழந்தைகள் ஆங்கிலத் தேவதைக் கதைகளுக்கு மாறிவிட்டதைத்தான் அப்படிச் சொன்னார். அந்நியத் துணியை எரித்துக்கொண்டிருந்த காலத்தில் அது எப்படித் தைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தட்சிணாரஞ்சன் டாக்கா மாவட்டத்துக்காரர். மைமன்சிங் பக்கம் அத்தையின் நிலபுலன்களைக் கவனித்துக்கொண்டே ஊர் ஊராகப் போய்க் கிழவிகளிடம் கதை கேட்டார். அவர்கள் சொன்ன நடையையும் கதைக்குள் வரும் பாட்டுகளையும் முடிந்தவரை காப்பாற்றினார்.

அவருக்கு முன்பே லால் பிஹாரி தே 1883இல் 22 கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். வங்காள விவசாயிகள் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நாவலில், ஷம்புவின் அம்மா என்ற கிழவியிடம் சிறுவன் கதை கேட்பதாக வரும். அதைப் படித்த டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரி, அந்தக் கதைகளைத் தொகுக்கலாமே என்று கேட்டார். அந்தக் கிழவி கற்பனை இல்லை, சிறுவயதில் தே உண்மையிலேயே அவளிடம்தான் கதை கேட்டிருக்கிறார். ஆனால் புத்தகம் எழுத உட்கார்ந்தபோது அவள் இல்லை, கேட்ட கதைகளும் குழம்பிப்போயிருந்தன. பிறகு ஒரு கிறிஸ்தவப் பெண், ஒரு வயதான பிராமணர், ஒரு நாவிதர், ஒரு வேலைக்காரர் என்று வேறு வேறு ஆட்களிடம் திரும்பக் கேட்டு எழுதினார். ஷம்புவின் அம்மா வைத்திருந்த கதைகளில் எத்தனை அவளோடு போயிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இப்போது முள். இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றைச் சொன்னவர்கள் பெண்கள். பல மனைவியரை மணக்கும் வழக்கம் அன்றைய வங்காளத்தில் அரண்மனையோடு நின்றுவிடவில்லை. உயர்குலம் என்று கருதப்பட்ட குலீன பிராமணக் குடும்பங்களில் அது எவ்வளவு கொடுமையாக வேரோடியிருந்தது என்பதைச் சீர்திருத்தவாதி ஈசுவர சந்திர வித்யாசாகர் ஊர் ஊராகப் பட்டியலிட்டு எழுதியிருக்கிறார். மூத்தாள் இளையாள் சண்டையைத் தன் வீட்டிலேயே பார்த்தவள், இரவில் பேரனுக்குக் கதை சொல்லும்போது அந்த முள்ளை வைத்திருக்கிறாள். அதை எடுத்துவிட்டால் அவள் பட்டதும் சேர்ந்து போய்விடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

---

உச்சிவெயில்:

ஐயா, அந்த வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் பட்ட பெண் யாரைத் தண்டிக்கிறாள் என்று பாருங்கள், இன்னொரு பெண்ணைத்தான். கிரண்மாலா கதையை இன்றிரவு படிக்கிறேன்.

---

பவானிக்கரை:

பல வருடம் கொல்கத்தாவில் வேலை பார்த்தவன். மொழியையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். இந்தக் கதைகளை அங்கே சொல்லும் விதத்தைக் கேட்க வேண்டும். "ஹாவ் மாவ் காவ், மனுஷன் வாசனை வருதே" என்று ராட்சசி உள்ளே வரும் இடத்தில் சொல்கிறவர் குரல் மூக்குக்குள் போய்விடும். குழந்தைகள் போர்வைக்குள் போய்விடுவார்கள்.

எனக்குப் பிடித்தது 'கங்கணமாலா, காஞ்சனமாலா'. ஒரு ராஜகுமாரனும் மாடு மேய்க்கும் பையனும் நண்பர்கள். நான் ராஜாவானால் உன்னை மந்திரியாக்குவேன் என்று வாக்குக் கொடுத்தவன், ராஜாவானதும் நண்பனை வாசலிலேயே மறந்துவிடுகிறான். ஒரு நாள் காலையில் கண் விழித்தால் உடம்பு முழுக்க ஊசி. தலைமுடிகூட ஊசியாகிவிட்டது. ராணி காஞ்சனமாலா தன் கை வளையலைக் கொடுத்து ஒரு பணிப்பெண்ணை வாங்குகிறாள். வளையலுக்கு வாங்கப்பட்டவள் என்பதால் அவள் கங்கணமாலா. ராணி நகைகளைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு ஆற்றில் முழுக, அந்த நேரத்தில் இவள் எல்லாவற்றையும் அணிந்துகொண்டு ராணியாகிவிடுகிறாள். ராணி வேலைக்காரியாகிறாள்.

உண்மை எப்படி வெளியே வருகிறது என்பதுதான் அழகு. மூட்டை நிறைய நூலோடு ஒரு மனிதன் வருகிறான். இன்று பணியாரம் சுட்டுப் பங்கிட வேண்டிய விரத நாள், முற்றத்தில் கோலமும் போட வேண்டும் என்கிறான். போலி ராணி சுட்ட பணியாரங்களை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. காஞ்சனமாலா சுட்டவையோ சந்திரபுலி, மோகன்வம்சி, கீர்முரளி. கங்கணமாலா மாவைக் கரைத்து முற்றத்தில் அள்ளி அப்பி வைக்கிறாள். காஞ்சனமாலா ஒரு துணித் துண்டை மாவில் நனைத்து, தாமரைக்கொடி, அதைச் சுற்றி ஏழு பொற்கலசம் என்று அல்பனா என்னும் மாக்கோலம் வரைகிறாள். யார் ராணி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நூல்காரன் மந்திரம் சொல்ல, ராஜாவின் உடம்பிலிருந்த ஊசிகள் பறந்து போய் கங்கணமாலாவின் உடம்பில் ஏறுகின்றன. அவன்தான் அந்தப் பழைய மாடு மேய்க்கும் நண்பன்.

வாளும் சாட்சியும் இல்லாமல், வீட்டுப் பெண்களின் கைத்திறன் ஒரு அரசியையே மீட்டுவிடுகிறது. தை மாதப் பிறப்பன்று அங்கே வீடு வீடாகப் பிட்டே என்னும் பணியாரம் சுடுவார்கள். அரிசி மாவு, தேங்காய், ஈச்சவெல்லம், சுண்டக் காய்ச்சிய பால். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா ஒரு சந்திரபுலியை என் தட்டில் வைத்து, இதைச் சாப்பிட்டுப் பாருங்கள், காஞ்சனமாலா சுட்டது என்றார். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது உடனே புரிந்தது.

---

உச்சிவெயில்:

பவானிக்கரை அண்ணா, நீங்கள் சொன்ன விதம் அருமை, ஆனால் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. ஒரு பெண்ணை ஒரு வளையலுக்கு வாங்கியிருக்கிறார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே. வாங்கிய விலையையே பெயராக வைத்துவிட்டார்கள். வாழ்நாளில் சந்திரபுலி செய்யப் பாலும் வெல்லமும் அவளுக்கு எங்கே கிடைத்திருக்கும்? கோலம் போட முற்றம் எங்கே இருந்திருக்கும்? அவளுக்குத் தெரியாது என்பதையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கி ஊசி ஏற்றுகிறார்கள். வாக்குத் தவறிய ராஜாவின் ஊசிகள் அவை. அவருடைய தண்டனையை அவள் சுமக்கிறாள்.

---

பவானிக்கரை:

ராஜாவின் ஊசி அவளுக்குப் போகிறது என்பதை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. யோசிக்க வைத்துவிட்டீர்கள். ஆனாலும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ராணியைக் காப்பாற்றுகிறவன் மாடு மேய்ப்பவன், அவனை விரட்டியதால்தான் ஊசியே வந்தது. ராஜா எழுந்ததும் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டு அவனை மந்திரியாக்குகிறார். கதை ஏழையை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. அடுத்து, காஞ்சனமாலா இத்தனை துன்பத்திலும் ஆற்றங்கரையிலும் அடுக்களையிலும் வேலைக்காரியாகவே வாழ்ந்து பார்க்கிறாள். கேட்கிற வேலைக்காரப் பெண்கள் தங்களை யாரோடு சேர்த்துப் பார்த்திருப்பார்கள்? நகையைப் போட்டுக்கொண்டு அதட்டுகிறவளோடா, பாத்திரம் துலக்குகிறவளோடா? எனக்கு விடை சந்தேகமில்லாமல் தெரிகிறது.

---

செம்மண்தரை:

ராஜாவுக்கு யாராவது தண்டனை கொடுக்க வேண்டும் என்கிற உச்சிவெயில், டுன்டுனியைச் சந்திக்க வேண்டும்.

உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1910இல் வெளியிட்ட 'டுன்டுனியின் புத்தகம்' முழுக்கப் பறவை விலங்குக் கதைகள். அவர் சத்யஜித் ராயின் தாத்தா. டுன்டுனி என்பது தையல்சிட்டு, இலையைத் தைத்துக் கூடு கட்டும் குருவி. ராஜா காயப்போட்ட காசுகளில் ஒன்று விழுந்து கிடக்க, குருவி அதைக் கூட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ராஜா வீட்டில் இருக்கும் செல்வம் என் வீட்டிலும் இருக்கிறது என்று பாடுகிறது. ராஜா காசைப் பிடுங்கிவரச் சொல்கிறார். உடனே, என் காசுக்கு ஆசைப்பட்டார் ராஜா என்று பாட்டு. திருப்பிக் கொடுத்தால், பயந்துவிட்டார் ராஜா என்று பாட்டு. பிடித்து வறுத்துக் கொடுங்கள் என்று ஏழு ராணிகளிடம் தருகிறார். கைக்குக் கை மாற்றிப் பார்க்கும்போது குருவி பறந்துவிடுகிறது. பயத்தில் ஒரு தவளையை வறுத்துப் பரிமாறுகிறார்கள். விஷயம் தெரிந்ததும் ராணிகள் மூக்கு போகிறது. இரண்டாவது முறை குருவியை உயிரோடு விழுங்குகிறார். அது ஏப்பத்தோடு வெளியே வருகிறது. மறுபடியும் பிடித்து விழுங்கி, வந்தால் வெட்டு என்று ஒரு சிப்பாயை வாளோடு நிறுத்துகிறார். குருவி வெளியே வர, வாள் இறங்க, போனது ராஜாவின் மூக்கு.

என் பையன்கள் இந்த இடத்தில் கட்டிலிலிருந்து எழுந்து குதிப்பார்கள். நாட்டுக்கே அதிபதி ஒரு காசுக் குருவியிடம் தோற்றான் என்பதில் அவர்களுக்கு வருகிற ஆனந்தம் வேறு எந்தக் கதையிலும் வந்ததில்லை.

இன்னொன்று. மாலையில் சாப்பிடாமலே தூங்கப் பார்க்கும் குழந்தைகளை விழித்திருக்க வைப்பதற்காகக் கிழக்கு வங்காளத்தில் சில பகுதிப் பெண்கள் சொல்லும் கதைகள் இவை என்று உபேந்திரகிஷோர் முன்னுரையில் எழுதுகிறார். ராஜா ராணிக் கதைகளில் இருக்கும் அந்த நீண்ட கனவுநடை இதில் இல்லாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். சோறு ஊட்டி முடியும்வரை கண் மூடக் கூடாது. வேகமாக ஓட வேண்டும், ஒரே வரி திரும்பத் திரும்ப வர வேண்டும், குழந்தை கூடவே பாட வேண்டும்.

---

உச்சிவெயில்:

ராணிகள் ஏழு பேரின் மூக்கும் போயிற்று என்பதை நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்! ஆனால் ராஜாவின் மூக்குக்காக இந்தப் புத்தகத்தை வாங்கப்போகிறேன்.

---

இரவுப்பயணி:

பேய்களைப் பற்றி யாருமே பேசவில்லையே. வங்காளத்தில் பேய்களுக்கே சாதி, குடும்பம், சாப்பாட்டு ருசி எல்லாம் உண்டு. வில்வ மரத்தில் வாழும் பிரம்மதைத்யன் பிராமணப் பேய். மேச்சோ பூத் மீனுக்கு அலையும். நிஷி இரவில் பெயர் சொல்லிக் கூப்பிடும், மூன்றாவது முறை கேட்கும்வரை பதில் சொல்லக் கூடாது. சங்கு வளையல் அணிந்த சுமங்கலிப் பேய் சாங்சுன்னி.

லால் பிஹாரி தே தொகுப்பில் சாங்சுன்னி கதை ஒன்று இருக்கிறது. இரவில் குளத்துக்குப் போன ஒரு பிராமணரின் மனைவியைப் பிடித்து மரப்பொந்தில் அடைத்துவிட்டு, அவள் உருவத்தில் பேய் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மருமகளிடம் ஏதோ மாற்றம் என்று மாமியாருக்குத் தெரிகிறது. முன்பு சோர்ந்து சோர்ந்து வேலை செய்தவள் இப்போது எல்லாவற்றையும் சுறுசுறுப்பாக முடிக்கிறாளே! மாமியாருக்குச் சந்தோஷம். ஒரு நாள் ஒரு பொருளை எடுத்து வரச் சொன்னால், உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி எடுக்கிறாள். இன்னொரு நாள் அடுப்படியில் எட்டிப் பார்த்தால், விறகுக்குப் பதிலாகத் தன் காலை அடுப்புக்குள் வைத்திருக்கிறாள். கால் எரிகிறது. ஓஜாவை, அதாவது பேயோட்டியை, வரவழைத்து மூக்கின் கீழே மஞ்சளைச் சுட்டுக் காட்ட, பேய் அலறி உண்மையைக் கக்குகிறது. பொந்திலிருந்து மீட்கும்போது நிஜ மனைவி பாதி உயிராக இருக்கிறாள்.

அந்த எரியும் கால் எனக்குக் கனவில் வந்தது. ஆனால் அதைவிட என்னை அலைக்கழித்தது வேறு. ஒருத்தி மரப்பொந்தில் சாகக் கிடக்கிறாள், வீட்டில் ஒருவரும் அவளைத் தேடவில்லை. வேலை நடக்கிறது, அது போதுமானதாக இருந்திருக்கிறது. இந்தக் கதையைச் சொன்னவள் ஒரு மருமகளாகத்தான் இருந்திருப்பாள்.

---

தாழைமடல்:

இரவுப்பயணி, படித்துவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். பேய் பிடித்த பிறகு மருமகள் நன்றாக வேலை செய்கிறாள் என்று மாமியார் மகிழ்வது எவ்வளவு பயங்கரமான விஷயம்! நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் அச்சான கதை.

---

முல்லைக்கொடி:

மூத்தாள், சக்களத்தி, மாற்றாந்தாய் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 'நீலகமலும் லால்கமலும்' கதையைச் சொல்லாமல் இந்த இழை நிறைவு பெறாது.

ராஜாவுக்கு இரண்டு ராணிகள், ஒருத்தி ராட்சசி. மனுஷ ராணியின் மகன் குசும், ராட்சச ராணியின் மகன் அஜித். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒருவர் இல்லாமல் இன்னொருவர் இல்லை. ராட்சசி குசுமை விழுங்கப் பார்க்கிறாள், அஜித் விடவில்லை. கடைசியில் அவனை விழுங்கியவள், அதற்காகத் தன்னோடு போராடிய சொந்த மகனையும் விழுங்கிவிடுகிறாள். ஒருவன் தங்க உருண்டையாகவும் இன்னொருவன் இரும்பு உருண்டையாகவும் வெளியே வந்து விழ, மூங்கில் புதரில் புதைக்கிறார்கள். பிறகு மூங்கிலிலிருந்து சிவப்பு முட்டை ஒன்று, நீல முட்டை ஒன்று. உள்ளேயிருந்து லால்கமலாகக் குசும், நீலகமலாக அஜித்.

கொக்கஸ் என்னும் அரக்கக் கூட்டத்துக்குப் பயந்து நடுங்கும் ஊரில் இருவரும் இரவுக் காவல் இருக்கிறார்கள். யார் விழித்திருக்கிறீர்கள் என்று கதவுக்கு வெளியே கேட்கும்போதெல்லாம் என் பெயரை முதலில் சொல் என்று லால்கமலுக்கு நீலகமல் சொல்லி வைத்திருக்கிறான். நீலகமலுக்கு முன்னால் லால்கமல் விழித்திருக்கிறான், கூடவே வாள் விழித்திருக்கிறது, நெய் விளக்கு விழித்திருக்கிறது, யாருக்குச் சாவு வந்திருக்கிறது என்று பாட்டாகப் பதில் சொல்ல வேண்டும். உடம்பில் ராட்சச ரத்தம் ஓடுகிற பெயருக்குத்தான் அவை அஞ்சும். கடைசி ஜாமத்தில் தூக்கக் கலக்கத்தில் லால்கமல் தன் பெயரை முதலில் சொல்லிவிடுகிறான். கதவு தகர்கிறது.

என் தம்பி என் அம்மா வயிற்றில் பிறக்காதவன். இரண்டு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று உறவினர் பிரித்துப் பேசிய வீட்டில் வளர்ந்தோம். கெட்டவளின் மகன் என்று ஊர் சொல்லக்கூடியவனே முன்னால் நின்று, என் பெயரைச் சொல் என்கிறான். அந்த ஒரு இடத்துக்காக இந்தப் புத்தகத்தை என்னோடு வைத்துக்கொள்வேன். தம்பிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

---

பழஞ்சுவடி:

முல்லைக்கொடி, நன்றி. ராட்சச ரத்தத்தைக் கேவலமாகப் பார்க்காத கதை இது. இதைத் தொகுத்த மண்ணில் அடுத்த நாற்பது ஆண்டுகளில் ரத்தத்தின் பெயரால் என்னவெல்லாம் நடந்தது என்பது நாம் அறிந்ததுதான்.

முடிவு மகிழ்ச்சியாகவே இருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதே மைமன்சிங் பகுதியில் சந்திரகுமார் டே சேகரித்து, தினேஷ் சந்திர சென் பதிப்பித்து, 1923இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்ட கதைப்பாடல்கள் உண்டு. அவற்றில் மஹுவா என்ற பெண்ணைக் குழந்தையிலேயே திருடிக் கூத்தாடியாக வளர்க்கிறான் நாடோடித் தலைவன் ஹும்ரா. அவள் நதேர் சாந்தைக் காதலிக்கிறாள். காதலனைக் கொல் என்று ஹும்ரா கத்தியைக் கையில் கொடுக்க, அவள் தன்னையே குத்திக்கொள்கிறாள். அங்கே பூக்கள் இறங்கி வருவதில்லை. இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே ஆற்றங்கரையில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

---

கடற்பாசி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நம் கதைகளில் அரக்கன் உயிர் ஏழு கடல், ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் இருக்கும். அங்கே ஏழு கடல், பதின்மூன்று ஆறு தாண்டிப் போகிறார்கள். குளத்துக்கு அடியில் தூணுக்குள் வண்டாக உயிர் இருக்கும், ஒரே மூச்சில் மூழ்கி எடுக்க வேண்டும், ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தாலும் ஆயிரம் ராட்சசர்கள் முளைப்பார்கள். ஆறும் குளமும் சூழ்ந்த ஊர்க்காரர்கள் கட்டிய கதை என்று பார்த்தவுடனே தெரிகிறது. நான் கடற்கரைக்காரன், மூச்சடக்கி மூழ்கும் அந்த இடத்தைப் படிக்கும்போது என் மார்பும் இறுகிப்போனது.

---

தாழைமடல்:

நேற்று இரவு மகளுக்குச் சொல்லிவிட்டேன். எதையும் வெட்டாமல் சொன்னேன், முள் உட்பட. பழஞ்சுவடி ஐயா சொன்னதுதான் துணிச்சல் கொடுத்தது.

பூக்கள் மேலே ஏற ஏற அவளும் கட்டிலில் எழுந்து நின்றுகொண்டாள். அம்மாவின் மடியில் குழந்தைகள் விழுந்ததும் உட்கார்ந்தாள். முள் வந்தபோது முகம் சுருங்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அம்மா ராஜாவோடு போக ஒத்துக்கொண்டாளா?" என்று கேட்டாள். கதையில் அது இல்லை என்றேன். "அப்போ அவளைக் கேட்கவே இல்லையா?" என்றாள். உச்சிவெயில், உங்களை நினைத்துக்கொண்டேன்.

கிரண்மாலாவில் ஒரு பறவை ராஜாவைக் கேள்வி கேட்கும், நாளைக்குச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பவானிக்கரை அண்ணா, என்னிடம் இருக்கும் ஆங்கிலப் பதிப்பில் அந்த விருந்து மிகவும் சுருக்கமாக இருக்கிறது. மூலத்திலிருந்து அந்தப் பக்கத்தை மட்டும் தமிழில் தர முடியுமா?

---

பவானிக்கரை:

தருகிறேன் தங்கை. விருந்தோடு, கிரண்மாலா மாய மலை ஏறும் பகுதியையும் சேர்த்து மொழிபெயர்க்கிறேன், அதை விட்டுவிட்டால் பறவை எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகள் கேட்பாள். பறவையின் மூன்று கேள்விகளும் மூலத்தில் ஒரே தாளத்தில் வருகின்றன. அதைத் தமிழில் பிடிக்க ஓர் இரவு வேண்டும். நாளை மாலைக்குள் இங்கே பதிவிடுகிறேன்.

---

உச்சிவெயில்:

நானும் காத்திருக்கிறேன். உங்கள் மகளின் கேள்வியை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், அக்கா.